முட்டையைப் பிடித்திருக்கும் கை

செயற்கைக் கருத்தரிப்பு லேப்புக்கு வருகிறவர்கள், முட்டையைக் கையாளும் மைக்ரோமேனிப்புலேட்டர் கருவியின் வலப்பக்கத்து ஊசியைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். இடப்பக்கத்து ஹோல்டிங் பிப்பெட் கண்ணிலேயே படாது. வாயை உருக்கி வழுவழுப்பாக்கிய கண்ணாடிக்குழாய் அது. லேசாக உறிஞ்சினால் கருமுட்டை வந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூடினால் மேலுறை உள்ளே இழுபடும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த அக்கா, "முதல்ல பிடிக்கக் கத்துக்கோம்மா, குத்துறது அப்புறம்" என்பார்.

முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஊசித் துளை 5 மைக்ரான் அளவு. விந்தணுவின் தலை நுழையும், அவ்வளவுதான். முட்டையின் ஓரத்தில் தெரியும் சிறு உருண்டையான போலார் பாடி, கடிகார முகத்தில் 12 மணிப் பக்கமோ 6 மணிப் பக்கமோ வரும்படி முட்டையைத் திருப்பி, 3 மணிப் பக்கம் ஊசியை விடுவோம். போலார் பாடியை ஒட்டித்தான் குரோமோசோம்கள் இருக்கும். அங்கே ஊசி படவே கூடாது. உள்ளே போன பிறகும் சவ்வு கிழியாமல் ஊசியோடு கூடவே வரும். சைட்டோபிளாசத்தை மெல்ல உறிஞ்சி, சவ்வு விட்டது தெரிந்தபின்தான் விந்தணுவை இறக்குவோம். அந்த நொடியில் யாராவது கதவைத் திறந்தால் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இந்த முறைக்கு இக்சி என்று பெயர். பிரசல்ஸில் பாலெர்மோ என்ற ஆய்வாளர் விந்தணுவை முட்டையின் மேலுறைக்கு அடியில் விடப் பார்த்தபோது ஒன்று முட்டைக்குள்ளேயே போய்விட்டது; அந்த முட்டை கருவானது. 1992இல் குழந்தைகள் பிறந்த செய்தி 'லான்செட்' இதழில் வந்தது. விந்தணு மிகக் குறைந்த எத்தனையோ ஆண்கள் அதன்பின் அப்பா ஆனார்கள்.

அக்காவை நினைத்தால் எம்ப்ரியாலஜிஸ்ட் (கருவியலாளர்) ஜீன் பர்டியும் நினைவுக்கு வந்துவிடுகிறார். 1978இல் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் கரு பிளவுபடுவதை மைக்ராஸ்கோப்பில் முதலில் பார்த்தவர் அவர். 1985இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அந்தக் குழந்தை பிறந்த ஓல்டம் ஊரில் வைத்த நினைவுப் பலகையில் அவர் பெயரும் வேண்டும் என்று அவரோடு பணியாற்றிய விஞ்ஞானி எட்வர்ட்ஸ் கேட்டும் சேர்க்கவில்லை. பர்டி பெயரோடு பலகை வர 2015 ஆனது.

இப்போதும் பாருங்கள், தம்பதிகளுக்கு டாக்டர் பெயர் தெரியும். முட்டையைக் கையாண்டவர் யார் என்று தெரியாது. ஊசி போட்டு 16 முதல் 18 மணி நேரத்தில் கருவுற்றதற்கு அடையாளமான இரண்டு புரோநியூக்ளியஸ் தெரிகிறதா என்று விடியற்காலையில் வந்து பார்ப்பவரும் அவரே. சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதல் நாளே எம்ப்ரியாலஜிஸ்ட் யார் என்று கேளுங்கள். பத்து நிமிடமாவது அவரோடு பேசுங்கள். அது உங்கள் உரிமை.