எடுத்துவிடலாம்

கொடியில் காய்ந்த துணியை எடுக்கிறோம். வங்கியில் போட்ட பணத்தை எடுக்கிறோம். சொத்தைப் பல்லை எடுக்கிறோம். கருப்பையையும் அவ்வாறே ‘எடுத்துவிடுகிறார்கள்’. கடந்த ஆறு மாதங்களில் இந்தச் சொல்லை இரண்டு மருத்துவர்களிடமிருந்தும், அம்மாவிடமிருந்தும், மதினியிடமிருந்தும், எதிர்வீட்டு ஆசிரியையிடமிருந்தும் கேட்டுவிட்டேன். எவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாதத்தில் பாதி நாள் ஒருத்தி வெந்நீர்ப் பையை வயிற்றில் அணைத்தபடி படுத்துக் கிடப்பதைப் பார்ப்பவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

“ஏட்டி, ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனிமே அது என்னத்துக்கு?” என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடித்தான் இவ்வளவு நாட்கள் அலைந்தேன்.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்புறப் படலத்தை ஒத்த திசு, இருக்கக்கூடாத இடங்களில் வளர்கிறது. சூலகத்தில் வளர்ந்தால் மாதந்தோறும் அதற்குள்ளேயே குருதி கசிந்து, வெளியேற வழியின்றித் தேங்கிக் கட்டியாகிறது. பழைய குருதி உருகிய சாக்லேட்டின் நிறத்தில் இருப்பதால் அதற்கு ‘சாக்லேட் கட்டி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். (இந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து என் இளைய மகள் சாக்லேட்டைக் கண்டால் முகம் சுளிக்கிறாள்.) எனக்கு இப்போது வயது 43. முப்பத்தாறாவது வயதில் லேப்ராஸ்கோப்பி மூலம் இடது சூலகத்திலிருந்து ஒரு கட்டியை உரித்தெடுத்தார்கள். நான்கே ஆண்டுகளில் அதே இடத்தில் மீண்டும் முளைத்து இப்போது ஆறு சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது. போதாக்குறைக்குக் கருப்பையின் தசைச் சுவருக்குள்ளும் அந்தத் திசு ஊடுருவி, கருப்பை பன்னிரண்டு வாரக் கர்ப்பத்தின் அளவுக்கு வீங்கியிருக்கிறது. அதற்கு அடினோமயோசிஸ் என்று வேறு பெயர். பெரும்போக்கினால் ஹீமோகுளோபின் 7.8-க்கு இறங்கி, இரும்புச் சத்தை நரம்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வலியைப் பற்றி எழுதப்போவதில்லை. அதை எழுத முற்பட்ட ஒவ்வொரு முறையும் உவமைகளில்தான் போய் விழுந்தேன், உவமைகள் எல்லாம் பொய்யாக இருந்தன.

முதலில் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடங்களில் முடிவு கூறினார். கருப்பை, இரண்டு சூலகங்கள், குழாய்கள் அனைத்தையும் ஒரே அறுவையில் எடுத்துவிடலாம். குருதிப் பரிசோதனையில் சி.ஏ.125 சற்று உயர்ந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, “நாளைக்கு கேன்சரா மாறினா என்ன செய்வீங்க?” என்றார். அந்த இரவு நான் உறங்கவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கே அந்த அளவு உயரக்கூடும் என்பதையும், சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைக் காட்டிலும் சற்றுக் கூடுதலென்றாலும் வாழ்நாள் முழுமைக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு என்ற அளவில்தான் இருக்கிறது என்பதையும் பிறகுதான் படித்து அறிந்தேன். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அச்சத்தை முதலில் வைத்துவிட்டுத் தகவலைக் கூறாமல் விடும்போது கேட்பவள் தலையாட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யவியலாது.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஓவரி என்பதற்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சூலகம், சினைப்பை, கருமுட்டைப்பை என்று பாடநூலுக்குப் பாடநூல் வேறுபடுகின்றன. ஆனால் வீட்டுப் பேச்சில் இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. அடிவயிற்றில் எது நேர்ந்தாலும் ‘கர்ப்பப்பையில கட்டி’தான். பேச்சில் பெயரற்ற உறுப்பாகையால், கருப்பையை எடுப்பதா வேண்டாமா என்று குடும்பமே கூடிப் பேசுகிறது, சூலகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. உண்மையில் மாதப்போக்கு நிற்பதைத் தவிர, கருப்பையை இழப்பதால் உடலின் அன்றாட இயக்கத்தில் நேரும் மாற்றம் ஒப்பளவில் குறைவு. சூலகங்களோ எலும்புக்கும் இதயத்துக்கும் உறக்கத்துக்கும் வேண்டிய ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பவை. அவற்றை இரண்டையும் அகற்றினால் பல ஆண்டுகளில் படிப்படியாக வரவேண்டிய மாதவிடாய் நிறைவு ஒரே நாளில் வந்துவிடும்.

இதை நான் நூலில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்திருக்கிறேன். என் சித்திக்கு 36 வயதில், தொண்ணூறுகளின் நடுவில், பெரும்போக்குக்காக அறுவை செய்தார்கள். அதன்பின் அவள் இரவுகளில் எழுந்துபோய்ப் புறவாசல் படியில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மார்கழியிலும் வேர்க்கும். சிறுமியாக இருந்த நான் அவளுக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்வேன். 52 வயதில் குளியலறையில் இலேசாக வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. இரண்டையும் யாரும் இணைத்துப் பார்த்ததில்லை.

இந்தச் சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது, அவளுடைய பழைய மருத்துவக் காகிதங்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து, நிலப்பத்திரங்களுக்கு அடியிலிருந்து, மஞ்சள் உறை ஒன்றை எடுத்துத் தந்தாள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் மூன்று பெரிய எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, மேலும் மூன்று எழுத்துகள்: டி.ஏ.எச்., பி.எஸ்.ஓ. முன்னது கருப்பை முழுவதும். பின்னது இரு பக்கச் சூலகங்களும் குழாய்களும். திசுப் பரிசோதனை அறிக்கையும் உடன் இருந்தது. சூலகங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை என்றிருந்தது அதில்.

“கர்ப்பப்பையை மட்டுந்தானே எடுத்தாக?” என்றாள் சித்தி.

நான் விளக்கினேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்த வேர்வை...” என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கையெழுத்து யார் போட்டது என்று பார்த்தேன். சித்தப்பாவின் பெயர் இருந்தது. சித்தப்பா இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. அவருக்கும் அந்த எழுத்துகளின் பொருள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சித்தி தனியாள் அல்லள். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள், ஆந்திரத்தில் 8.9 விழுக்காடு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பையின்றி இருப்பது 2019-இல் வெளிவந்தது. மாதவிலக்கு நாட்களில் வேலைக்கு வராவிட்டால் கங்காணி கூலியைப் பிடித்துக்கொள்வார் என்பதும் அங்கே ஒரு காரணம். தேவையற்ற கருப்பை நீக்கங்கள் குறித்த பொதுநல வழக்கில், நடுவண் அரசு வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. எனக்கு அறுவை தேவையற்றது என்று சொல்ல இவற்றை எழுதவில்லை. எனக்கு நோய் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் ‘எடுத்துவிடலாம்’ என்ற சொல் இந்த நாட்டில் எவ்வளவு மலிவாகிவிட்டது என்பதை அறிந்துகொண்டுதான் அதைச் செவிமடுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையிலிருந்து ஹிலரி மேன்டல் வருகிறார். இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லாதவர். இளம்பெண்ணாக வலியைச் சொன்னபோது மனநோய்க்கு மருந்து கொடுத்தார்கள். போட்ஸ்வானாவில் வாழ்ந்த நாட்களில் மருத்துவ நூலொன்றைப் புரட்டித் தன் நோயைத் தானே கண்டடைந்தார். 1979-இல், 27 வயதில், கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. அதன்பிறகும் நோய் திரும்பியது. 2003-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். அறுவையே தீர்வு என்று நம்பிப் போகிறவள் கட்டாயம் படிக்கவேண்டிய நூல் என்பேன். அறுவையே வேண்டாம் என்று தள்ளிப்போடுகிறவளும் படிக்கலாம், காலம் கடந்த நோய் என்னவெல்லாம் செய்யும் என்பதற்காக.

எனக்கு உண்மையில் சிக்கலாக இருந்தது இரண்டு ஆய்வுகள். ஒன்று 1995-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டது. எண்டோமெட்ரியோசிஸுக்காகக் கருப்பை நீக்கிய 138 பெண்களில், சூலகத்தை விட்டுவைத்தவர்களில் 62 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது. இரண்டையும் எடுத்தவர்களில் 10 விழுக்காட்டினருக்கு. விட்டுவைத்தவர்கள் 29 பேர்தாம், சிறிய எண்ணிக்கை, எனினும் ஒதுக்கித்தள்ள முடியவில்லை. மற்றொன்று 2009-இல் அமெரிக்கச் செவிலியர் 29,380 பேரை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு. கருப்பையோடு சூலகங்களையும் இழந்தவர்களுக்கு மார்பக, சூலகப் புற்றுநோய்கள் குறைந்தன. இதயநோயும் மொத்த இறப்பும் கூடின. ஆக, வைத்துக்கொண்டால் வலி திரும்பலாம். எடுத்துவிட்டால் வேறு நோய்கள் காத்திருக்கின்றன. ஒரு தராசின் இரு தட்டுகளிலும் என்னையே ஏற்றிவைத்ததுபோல் இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் உடலே எனக்கு ஒரு முன்னோட்டம் காட்டியது. இரண்டாவது மருத்துவர், அறுவைக்கு முன் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்க, சூலகங்களைத் தற்காலிகமாக உறங்கவைக்கும் லுப்ரோலைடு ஊசியை மூன்று மாதங்கள் போட்டார். வலி போயிற்று. பதினான்கு ஆண்டுகளில் முதன்முறையாக வலியில்லாத ஒரு மாதம்! கூடவே சித்தியின் வேர்வை வந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பால்கனியில் நின்றேன். மூட்டுகள் கடுத்தன. வகுப்பில் பாடத்தின் நடுவில் எனக்கு நன்கு பழகிய சொற்கள் நழுவிப்போயின. ஊசியின் ஆற்றல் தேய்ந்ததும் இவையும் தேய்ந்தன, வலி மீண்டும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் டயனோஜெஸ்ட் மாத்திரையும் விழுங்கியிருக்கிறேன். ஓயாத கசிவும் காரணமற்ற அழுகையும் தாங்காமல் நிறுத்தினேன். கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தையும் பேசினோம். கருப்பை இந்த அளவு பெருத்திருக்கையில் அது நழுவி வெளியே வந்துவிட வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். மாதவிடாய் தானே நிற்கும்வரை காத்திருக்கலாம். நம் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மூன்று நான்கு ஆண்டுகள்தாமே என்று சொல்வது எளிது.

கணவர் இதிலெல்லாம் எப்படியிருந்தார் என்று கேட்பீர்கள். “உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்” என்றார். பெருந்தன்மையான வாக்கியம். அதைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது என்று சொன்னால் அவருக்கு வியப்பாக இருக்கும். மறுநாள் அந்த இரண்டு ஆய்வுகளையும் அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். படித்தார். பிறகு உருப்படியாகச் சண்டையிட்டோம்.

முடிவு இதுதான். கருப்பையும், இரு குழாய்களும், கட்டியுள்ள இடது சூலகமும் போகும். வலது சூலகம், அறுவையின்போது அதில் நோய் காணப்படாவிட்டால், இருக்கும். வலி திரும்பினால் அப்போது பார்த்துக்கொள்வது. கருப்பை போனபின் எஞ்சும் சூலகமும் இயல்பைவிடச் சற்று முன்னதாகவே ஓயக்கூடும் என்று இரண்டாவது மருத்துவர் எச்சரித்தார். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசினேன். சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் அளித்த தீர்ப்பை அவரும் அறிந்திருந்தார். லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்கென்று மயக்கம் கொடுக்கப்பட்ட 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, எண்டோமெட்ரியோசிஸைக் காரணங்காட்டிக் கருப்பையையும் சூலகங்களையும் நீக்கிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். இழப்பீடு 25,000 ரூபாய். மருத்துவர் படிவத்தில் தம் கையாலேயே எழுதினார்: வலது சூலகம், புற்றுநோய் ஐயம் இருந்தாலன்றி அகற்றப்படக்கூடாது, ஐயமிருப்பின் திசு மாதிரி மட்டும் எடுத்து நோயாளி விழித்தபின் பேசவேண்டும். கீழே கணவரின் கையொப்பம் என்று ஒரு கோடு இருந்தது. சட்டப்படி அது தேவையில்லை, வழக்கத்தால் அச்சிடுகிறார்கள் என்றார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு என் பெயரை எழுதினேன்.

பெரியவளின் அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை சித்தி ஊரிலிருந்து வருகிறாள். எனக்குத் துணையாக இருக்கத்தான் வருவதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா சோதனைக்கு அவள் பெயரைப் பதிவு செய்திருப்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். மஞ்சள் உறையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.