கைக்குள் அடங்கிய துப்பாக்கி

வாஷிங்டன் நகரில் வெள்ளை மாளிகையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் பத்தாவது தெரு வரும். அங்கே இருக்கிறது ஃபோர்டு நாடக சாலை. 1865 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, மனைவியுடன் நாடகம் பார்த்துக் கொண்டிருந்த ஆபிரகாம் லிங்கனை ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகன் பின்னால் வந்து சுட்டது இங்கேதான். எதிர்ச் சாரியில் உள்ள ஒரு வீட்டில் மறுநாள் காலை லிங்கனின் உயிர் பிரிந்தது.

நாடக சாலையின் கீழ்த்தளத்தில் ஒரு பொருட்காட்சி சாலை. பூத் சுட்ட கையோடு அங்கேயே போட்டுவிட்டு ஓடிய கைத்துப்பாக்கி அதற்குச் சொந்தம். பார்த்தால், "இவ்வளவுதானா!" என்று தோன்றும். நீளம் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு தடவைக்கு ஒரே குண்டு. உங்கள் கைப்பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தால் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது!

பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் என்பவருடைய பட்டறையில் செய்தது இது. அவர் சரக்குக்கு இருந்த கிராக்கியைக் கண்டு போலிகள் புற்றீசல் போலக் கிளம்பின. ஒரு கூட்டத்தார் செய்த தந்திரத்தைக் கேளுங்கள்: ஜான் டெரிஞ்சர் என்ற தையற்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் பெயரைத் துப்பாக்கியில் பொறித்து விற்றார்கள். பெயர் பொய் இல்லையே! வேறொரு வியாபாரியின் மேல் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கு, அசல் டெரிஞ்சர் பக்கமே தீர்ப்பாயிற்று.

ஆகையால், பழந்துப்பாக்கி சேர்ப்பவர்கள் பெயரைக் கண்டு மயங்குவதில்லை. எழுத்து வெட்டிய விதம், இரும்பும் மரமும் பொருந்தியிருக்கும் நயம், திருகாணிகள் மாற்றப்பட்டனவா என்பது வரை துருவுவார்கள். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கிறோமே, அந்தச் சிரத்தையை இங்கே காட்டிவிட்டால் போச்சு! பழைய நிறம் போகும். அத்துடன் விலையும் போகும்.

சரி, லிங்கனைச் சுட்டது என்ன விலை பெறும்? அதே பட்டறையின் இன்னொரு துப்பாக்கிக்கு ஏலத்தில் விலை சொல்லிவிடலாம். இதற்கு மதிப்பே, அன்றிரவு பூத்தின் கையில் இருந்தது இதுதான் என்ற நிச்சயம் அல்லவா?

அந்த நிச்சயத்துக்கே ஒரு சமயம் ஆபத்து வந்தது. 1960-களில் திருடர்கள் அசலைக் கொண்டுபோய், அச்சாக அதைப்போலவே ஒன்றை வைத்துவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. அது உண்மையானால், முப்பது வருஷமாக ஜனங்கள் ஒரு போலியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள்! 1997-இல் எஃப்.பி.ஐ. என்னும் புலனாய்வு இலாகாவின் நிபுணர்கள் துப்பாக்கியைப் பரிசோதித்தார்கள். திருட்டு நடந்ததாகச் சொன்ன காலத்துக்கு வெகு முன்பு, 1930-களில் எடுத்த புகைப்படங்கள் கைவசம் இருந்தன. பெயரையும் முத்திரையையும் எவனும் பொறித்துவிடலாம். மரத்தின் ரேகையை எவன் பொறிப்பான்? கைப்பிடி மரத்தில் சுழித்து ஓடும் ரேகை, ஒரு விரிசல், இரும்பில் விழுந்திருந்த குழிகள் ஆகியவற்றைப் படத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தின. அசலேதான்!

துப்பாக்கியைக் காட்சிக்கு வைத்திருக்கும் சமயத்தில் நீங்கள் போக நேர்ந்தால், வெள்ளி வேலைப்பாட்டை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். முதலில் அந்த மரச் சுழியைத் தேடுங்கள்.