நான் மறைத்து வைத்த கருவி

(பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதுவது)



என் இரு காதுகளிலும் காது மெஷின் உண்டு. ஆறு ஆண்டுகளாக இப்பள்ளியில் படித்தும் உங்களில் பலருக்கு இது தெரியாது. தெரியாதபடி நான் பார்த்துக்கொண்டேன். காதை மூடுமாறு தலைவாரி இரட்டைச் சடை பின்னிக்கொள்வேன். விளையாட்டு வேளை வந்தால் கருவிகளைக் கழற்றி ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துவிடுவேன்.

சென்ற ஆண்டு பள்ளிகளுக்கு இடையே நடந்த கூடைப்பந்துப் போட்டியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கடைசி நிமிடம். நாம் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து என் கையில். "பின்னால் ஆள் வருகிறாள்!" என்று நம் அணித்தலைவி கத்தினாளாம். எனக்குக் கேட்கவில்லை. பந்து பறிபோயிற்று, ஆட்டமும் போயிற்று. "இவளுக்குக் கவனமே இல்லை" என்று சிலர் முணுமுணுத்ததை அவர்கள் உதட்டசைவிலேயே அறிந்துகொண்டேன். நான் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. காது கேளாதவள் என்ற பெயரைவிடக் கவனமற்றவள் என்ற பெயர் எனக்கு இலேசாக இருந்தது.

மறுநாள் மாலை நம் விளையாட்டு ஆசிரியை என்னைத் தனியே அழைத்தார். அவருக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் கோபிக்கவில்லை. மைதானத்து வேப்பமரத்தடியில் அருகில் உட்காரவைத்து ஒருவருடைய வரலாற்றைச் சொன்னார். அதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் டமீக்கா கேட்சிங்ஸ். 1979 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் நாள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். தந்தை ஹார்வி கேட்சிங்ஸ் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரர். டமீக்காவுக்குப் பிறவியிலேயே இரு காதுகளும் சரியாகக் கேட்கவில்லை. சில ஒலிகள் அவர் காதில் விழுவதே இல்லை. காதில் விழாத ஒலியை வாயால் மட்டும் எப்படிச் சரியாகச் சொல்ல முடியும்? பேச்சும் சற்றுக் குழறியது. அக்காலத்துக் கருவிகள் பெரியவை. எந்தச் சடைக்குள்ளும் ஒளியாதவை. தந்தை விளையாடச் சென்றதால் குடும்பம் ஓராண்டு இத்தாலியிலும் இருந்தது. போன இடமெல்லாம் புதிய பள்ளி. போன பள்ளியிலெல்லாம் கேலி.

ஆரம்பப் பள்ளி நாட்களில் ஒருநாள், வீடு திரும்பும் வழியில், டமீக்கா தம் கருவிகளைக் கழற்றிப் புல்வெளியில் வீசி எறிந்துவிட்டார். பெற்றோர் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. விலை உயர்ந்த பொருள். மறுபடி வாங்கித் தர இயலாது, இனி இல்லாமலேயே சமாளிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டனர்.

இந்த இடத்தில் நான் மகிழ்ச்சியோடு, "நல்ல வேலை செய்தார், மிஸ்!" என்று சொல்லிவிட்டேன். ஆசிரியை சிரித்தார். "அவசரப்படாதே. கதை இன்னும் முடியவில்லை" என்றார்.

கருவி இல்லாத டமீக்கா வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். உதட்டசைவைப் படிக்கக் கற்றார். பாடங்களை முன்கூட்டியே படித்துச் சென்றார். பிறர் ஒரு மடங்கு உழைத்தால் இவர் இரு மடங்கு உழைக்கவேண்டியிருந்தது. கூடைப்பந்து மைதானத்தில் மட்டும் அவரை யாரும் கேலி செய்யவில்லை. ஏழாம் வகுப்பில், தாம் தந்தையைப் போலத் தொழில்முறை ஆட்டக்காரராவதாக ஒரு காகிதத்தில் எழுதிவைத்தார். பெண்களுக்கான அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் அப்போது தோன்றவே இல்லை. அதன் முதல் ஆட்டம் 1997 இல்தான் நடைபெற்றது!

அதே 1997 இல், டெக்சாஸ் மாநிலத்தின் டன்கன்வில் பள்ளிக்காக ஆடிய ஒரே ஆட்டத்தில் அவர் எடுத்த புள்ளிகள் 25. திரும்பி வந்த பந்தைப் பிடித்தது 18 முறை. தோழியர் புள்ளி எடுக்க உதவியது 11 முறை. எதிரணியிடமிருந்து பறித்த பந்துகள் 10. தடுத்த எறிதல்கள் 10. கூடைப்பந்து ஆடும் நம் தோழியருக்கு இதன் பெருமை நன்கு விளங்கும்.

பிறகு டென்னசி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் பாட் சம்மிட். கண்டிப்புக்கும் அன்புக்கும் பெயர் பெற்ற அந்த அம்மையார் 38 ஆண்டுகளில் 1098 வெற்றிகள் கண்டவர். டமீக்கா சேர்ந்த முதல் பருவத்தில் அவ்வணி 39 ஆட்டங்கள் ஆடி 39 இலும் வென்றது. ஆயினும் சம்மிட் திருப்தியடையவில்லை. கருவியை மீண்டும் அணியவும், பேச்சுப் பயிற்சி பெறவும் டமீக்காவை வற்புறுத்தினார். அவர் காட்டிய காரணம்தான் என் மனத்தைத் தொட்டது. உனக்காக மட்டுமன்று, உன்னைப் போன்ற பிள்ளைகள் உன்னைப் பார்த்துத் துணிவு பெறுவார்கள் என்பதே அது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் வீசி எறிந்ததை டமீக்கா மீண்டும் காதில் அணிந்தார்.

2001 ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுந்தது. இந்தியானா ஃபீவர் அணி அவரைத் தேர்ந்தெடுத்தும் அவ்வாண்டு முழுவதும் ஆட முடியவில்லை. 2002 இல் களம் இறங்கி, சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 2007 இல் குதிகால் தசைநார் அறுந்தது. 2008 இல் பெய்ஜிங்கில் தங்கப்பதக்கம் அணிந்து நின்றார். ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன், ரியோ என நான்கு ஒலிம்பிக் தங்கங்கள். 2011 இல் சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2012 இல் தம் அணிக்கு முதல் வாகையர் பட்டம்.

சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மட்டும் ஐந்து முறை! 2016 இல் ஓய்வு பெற்றபோது, எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதில் அச்சங்கத்தின் வரலாற்றிலேயே அவரே முதலிடம்; 1074 பந்துகள். காதில் விழாததைக் கண்ணால் கவனித்துப் பழகியதே ஆட்டத்தில் தமக்குத் துணை நின்றதாக அவர் கூறியிருக்கிறார். பதினைந்து பருவங்களும் ஒரே அணிக்காக ஆடினார். 2004 இல் தம் அக்காள் டௌஜாவுடன் இண்டியானாபொலிஸ் நகரப் பிள்ளைகளுக்காக ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். 2017 இல், மூடப்படவிருந்த ஒரு தேநீர்க் கடையைத் தாமே வாங்கி நடத்தலானார். கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தின் 2020 ஆம் ஆண்டு வரிசையில் அவர் பெயரும் இடம்பெற்றது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆசிரியை கேட்டார்: "அவர் எறிந்தது பெரிதா, எடுத்து அணிந்தது பெரிதா?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. டமீக்கா இழந்தது அந்தக் கருவியை மட்டுமன்று. எத்தனையோ ஆண்டுகள் காதில் விழவேண்டிய பேச்சையும் சிரிப்பையும் இழந்தார். அவர் புல்வெளியில் எறிந்ததை நான் பெட்டிக்குள் எறிந்துகொண்டிருந்தேன். என் அப்பா தம் பழைய சைக்கிளை மாற்றாமல் பணம் சேர்த்து எனக்கு வாங்கித் தந்த கருவி அது.

மறுநாள் அணித்தலைவியிடம் சென்று சடையை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். அவள் திகைத்து நின்றாள். பிறகு, "அடிப் பாவி! போன வருஷமே சொல்லியிருந்தால் கையாவது காட்டியிருப்பேனே!" என்றாள். இருவரும் சிரித்தோம், கொஞ்சம் அழவும் செய்தோம். இன்று நம் அணியில் ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு கைச்சைகை உண்டு. கையை உயர்த்தினால் "பின்னால் ஆள்" என்று பொருள். பார்வையாளர் ஆரவாரத்தில் நல்ல காதுள்ளவர்களுக்கும் அது பயன்படுகிறது.

தோழியரே! இப்போது நான் காது தெரியத் தலைவாரி வருகிறேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பின்னால் நின்று கூப்பிட்டு நான் திரும்பிப் பார்க்காவிட்டால், "கர்வம் பிடித்தவள்" என்று எண்ணாதீர்கள். முன்னால் வந்து, முகம் பார்த்துப் பேசுங்கள்.

இந்த மலரைப் படிக்கும் சிறு வகுப்புத் தங்கை எவளேனும் என்னைப் போலப் பெட்டிக்குள் எதையாவது ஒளித்து வைத்திருந்தால், மாலையில் மைதானத்துக்கு வரட்டும். வேப்பமரத்தடியில் அவளுக்கு இடம் உண்டு.