ஒரு மூட்டையில எத்தனை நெல்லு?

எங்க அக்கா பேரன் அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் ஹைஸ்கூல் படிக்கிறான். பிப்ரவரியில ஒரு கணக்குப் போட்டிக்குப் போயிட்டு வந்து, போன்ல ஒரு மணி நேரம் அதையே பேசினான். ஹார்வர்டு, எம்.ஐ.டி. ரெண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துற போட்டி. சேர்ந்துன்னா பெரிய பெரிய பேராசிரியர்கள் இல்ல. அங்க படிக்கிற பசங்களே கேள்வி தயாரிச்சு, திருத்தி, எல்லாம் பாத்துக்கறாங்க. 1998-லேர்ந்து நடக்குதாம்.

அதுல 'கட்ஸ் ரவுண்டு'னு ஒண்ணு. 80 நிமிஷம், 36 கணக்கு. மொத்தமா கையில குடுக்கறதில்ல. குழுவா உக்காந்து மூணு, நாலு கணக்கை முடிச்சதும், ஒருத்தன் விடைத்தாளைத் தூக்கிட்டு ஓடிப்போய்க் குடுத்துட்டு, அடுத்த கணக்கை வாங்கிட்டு ஓடி வரணும். எந்தக் குழு முன்னால போகுதுன்னு திரையில மார்க்கு ஏறிக்கிட்டே இருக்கும். ஸ்டெப் எங்க, அடிக்கோடு எங்கன்னு யாரும் கேக்கறதில்ல. விடை மட்டும்தான்.

கடைசியா வர்ற கணக்குங்கதான் எனக்குப் பிடிச்சுது. உக்காந்து துல்லியமா போட முடியாதுன்னு தெரிஞ்சே கேப்பாங்க. உத்தேசமா சொல்லணும், உண்மையான விடைக்கு எவ்வளவு பக்கத்துல வர்றோமோ அவ்வளவு மார்க்கு. தென்னந்தோப்புல அண்ணாந்து பாத்தே விலை பேசுற நம்ம வியாபாரி வேற என்னங்க பண்றார்?

பழைய கேள்வித்தாள் எல்லாம் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. எம் பொண்ணும் அவ சிநேகிதியும் பத்தாவது. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். கேள்வியில இருக்கற இங்கிலீஷைப் புரிஞ்சுக்கவே பாதி நேரம் போச்சு. தமிழ்ல எழுதிக் குடுத்ததும் ரெண்டு கணக்கைப் போட்டுட்டாங்க. சரி, நம்ம ஊர்க் கேள்வி ஒண்ணு வைப்போம்னு, சம்பா அறுப்பு முடிஞ்சு அடுக்கியிருந்த 60 கிலோ மூட்டையைக் காட்டி, "இதுல எத்தனை நெல்லு இருக்கும்?"னு கேட்டேன்.

எம் பொண்ணு 100 நெல்லை எண்ணி எடுத்துட்டுப் போய் பள்ளிக்கூட லேப்ல எடை போட்டா. 1.6 கிராம். அப்படின்னா மூட்டைக்கு 37,50,000. சிநேகிதி தராசுப் பக்கமே போகல. அவ அம்மா நடவுக்குப் போறவங்க. சதுர மீட்டருக்கு 33 குத்து, குத்துக்கு 8 கதிர், கதிருக்கு 100 மணி, ஏக்கருக்கு 4,000 சதுர மீட்டர், நம்ம வயல்ல ஏக்கருக்குக் கண்டது 30 மூட்டை. மனக்கணக்காவே 35,20,000-னு சொன்னா. ஒருத்தி தராசு வழி, இன்னொருத்தி வயல் வழி, ரெண்டும் கிட்டக்கிட்ட வந்து நிக்குது. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு.

அந்தப் புள்ளையப் பத்தாவதோட நிறுத்தி மில்லு வேலைக்கு அனுப்பறதா வீட்டுல பேச்சு. நேத்து சாயங்காலம் அவ அப்பாவைக் களத்துல பாத்தேன். ரெண்டு கணக்கையும் எழுதியிருந்த தாளைக் காட்டி, "அண்ணே, பதினொண்ணாவதுல கணக்கு குரூப்புல சேத்து விடுங்க"ன்னேன். ரொம்ப நேரம் தாளையே பாத்துக்கிட்டிருந்தார்.

"குத்துக்கு எட்டுக் கதிர் இல்ல தம்பி, இந்த வருஷம் ஒம்போது இருந்துச்சு" என்றார். தாளை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போனார்.