ஸியெனா நகரத்துச் சுவர்ச் சித்திரம்

இத்தாலி தேசத்து ஸியெனா நகருக்குச் செல்பவர்கள், நகர மண்டபத்திலுள்ள ஒன்பதின்மர் அறையை அவசியம் பார்க்க வேண்டும். 1287 முதல் 1355 வரை அக்குடியரசை ஆண்ட ஒன்பதின்மர் கூடிய இடம் அது. உட்பகையும் வெளிப்பகையும் ஓயாத அக்காலத்தில், 1338-39-ல், அம்புரோஜியோ லொரென்ஸெட்டி என்ற சித்திரக்காரர் நல்லாட்சியையும் கொடுங்கோன்மையையும் அதன் சுவர்களில் உருவகமாகத் தீட்டினார்.

நீதிதேவியின் தராசிலிருந்து இறங்கும் கயிறு ஒற்றுமைதேவியின் கைக்கு வருகிறது. அவள் மடியில் இழைப்புளி. மேடுபள்ளத்தைச் சமமாக்குவதல்லவா அவள் தொழில்! அவளிடமிருந்து 24 குடிமக்கள் கயிற்றை வாங்கி வரிசையாகப் பிடித்து நிற்கிறார்கள். மறுமுனையோ அரியணையில் வீற்றிருக்கும் முதியவரின் கரத்தில் முடிகிறது. ஆளும் கையும் குடிகளின் கயிற்றுக்கு உட்பட்டதே என்பது கருத்து. சமாதானதேவி ஆயாசமின்றிச் சாய்ந்திருக்கிறாள். ஆனால் கவசத்தை எறிந்துவிடவில்லை, அருகிலேயே வைத்திருக்கிறாள்.

வேறொரு சுவரில் கொம்பு முளைத்த கொடுங்கோலன். அவன் காலடியில் நீதி கட்டுண்டு கிடக்கிறாள். குடிகள் விரும்பிப் பிடித்த கயிறு இங்கே தளையாகிவிட்டது!

1348-ல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியது. ஓவியரும் அதில் மாண்டதாகக் கருதப்படுகிறது. 1355-ல் ஒன்பதின்மர் ஆட்சியும் வீழ்ந்தது. இன்று மிகவும் சிதைந்திருப்பது கொடுங்கோன்மைச் சுவர்தான். அதைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. சுண்ணாம்பு உதிரலாம், கயிற்றை நாம் நழுவவிட்டால், கொடுங்கோலன் மீண்டும் அரியணை ஏற எத்தனை நாழிகை ஆகும்?