விதிவிலக்கும் ஒரு பொறுப்பே! - சிங்கப்பூர் மத்ரஸாக்களில் கண்டதும் கேட்டதும்

 

உறவினர் இல்லத் திருமணத்தை முன்னிட்டுச் சிங்கப்பூர் சென்றுவரும் வாய்ப்பு, அல்லாஹ்வின் அருளால் சென்ற ஆண்டு இச்சிறியேனுக்குக் கிட்டியது. திருச்சியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம். நிகாஹ் இனிதே நிறைவேறிய பின் உடன் வந்தவர்கள் கடைவீதிகளைக் காணப் புறப்பட்டனர். இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் ஓதிக்கொடுத்து வரும் எனக்கோ, அந்நாட்டு மத்ரஸாக்களைப் பார்க்க வேண்டுமென்ற ஆவல்.

கம்போங் கிளாம் என்னும் பகுதிக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே பொன்னிறக் கும்பங்களுடன் கம்பீரமாக நிற்கிறது சுல்தான் பள்ளிவாசல். இப்போதுள்ள கட்டடம் 1924-இல் தொடங்கப்பெற்று 1932-இல் நிறைவு பெற்றது. கும்பத்தின் அடியில் கருநிறப் பட்டையொன்று சுற்றிச் செல்வதைக் கண்டு, அது என்னவென்று வினவினேன். கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களாம்! பெருந்தொகை தர இயலாத ஏழை முஸ்லிம்களுக்கும் இறையில்லத் திருப்பணியில் பங்கு இருக்க வேண்டும் என்பதற்காக, அவர்கள் கொணர்ந்து தந்த புட்டிகளை அங்கே பதித்தார்களாம். அந்தப் பட்டையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிவாசலுக்கு அருகிலேயே அல்சகாஃப் மத்ரஸா இருக்கிறது. அரபு வணிகக் குடும்பம் ஒன்றின் வக்ஃபினால் 1912-இல் உருவானது. இன்று பெண் பிள்ளைகள் மட்டுமே பயில்வது. சிறிது தொலைவு நடந்தால் 1927-இல் தோன்றிய அல்ஜுனைது மத்ரஸா. சிங்கப்பூரில் முழுநேர மத்ரஸாக்கள் மொத்தம் ஆறே ஆறுதான். பெரும்பாலான முஸ்லிம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பயின்று, மார்க்கக் கல்வியைப் பகுதிநேர வகுப்புகளில் பெறுகின்றனர்.

நான் வாயிலில் நின்றபோது பள்ளி விடும் நேரம். வெளியே வந்த சிறுமி ஒருத்தி தன் தாயிடம் புத்தகப் பையைக் கொடுத்தாள். திறந்திருந்த பையில் அரபு இலக்கண நூலும் கணித நூலும் ஒன்றாய்த் தெரிந்தன. நம் மத்ரஸாக்களில் இக்காட்சியைக் காண்பது அரிதல்லவா? இது இங்கே எப்படி அமைந்தது என்று, எனக்கு அறிமுகமான உஸ்தாத் ஒருவரிடம் கேட்டேன். அவர் கூறிய வரலாறு நாமனைவரும் அறிய வேண்டியது.

2000-ஆம் ஆண்டு சிங்கப்பூர் நாடாளுமன்றம் கட்டாயக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆறு வயதைக் கடந்த ஒவ்வொரு குழந்தையும் அரசுத் தொடக்கப்பள்ளியில் பயில வேண்டும். மீறும் பெற்றோருக்கு அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. இச்சட்டம் பற்றிய பேச்சு எழுந்தபோதே முஸ்லிம் சமுதாயம் கலங்கியது. தொடக்க வகுப்புகள் போய்விட்டால் மத்ரஸாக்கள் வேரற்ற மரங்களாகிவிடுமே! உலமாக்கள் தங்கள் கவலையை வெளிப்படையாக எடுத்துரைத்தனர். நீண்ட விவாதத்திற்குப் பின் அரசு ஒரு வழி கண்டது. மத்ரஸாக்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆயினும் அது நிபந்தனையுடன் கூடியது.

அந்த நிபந்தனை யாது? சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. 2008 முதல் மத்ரஸா மாணவர்களும் ஆறாம் வகுப்பின் இறுதியில் தேசியத் தேர்வை எழுத வேண்டும். ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்கள். மிகக் குறைந்த தேர்ச்சி பெற்ற ஆறு அரசுப் பள்ளிகளின் மலாய் மாணவர்கள் பெறும் சராசரியைவிட மத்ரஸாவின் சராசரி குறைந்துவிடக் கூடாது. ஆறு மத்ரஸாக்களும் சேர்ந்து முதல் வகுப்பில் ஆண்டுக்கு 400 பிள்ளைகளுக்கு மேல் சேர்க்கவும் கூடாது.

"அப்போது எங்களுக்குத் தூக்கமே இல்லை. ஆலிம்களை உருவாக்குவதா, கணிதத்தில் மதிப்பெண் வாங்க வைப்பதா என்று எங்களுக்குள்ளேயே வாதாடினோம்" என்றார் உஸ்தாத். தேர்வுகள் தொடங்கிய பின் அளவை எட்டாத மத்ரஸா ஒன்று சில ஆண்டுகள் முதல் வகுப்பில் எவரையும் சேர்க்க இயலாது போயிற்று. ஆனால் சமுதாயம் சோர்ந்துவிடவில்லை. 2007-இல் மூன்று மத்ரஸாக்கள், இஸ்லாமிய சமய மன்றமான 'முயிஸ்' அமைப்பின் ஒருங்கிணைப்பில் கைகோத்தன. ஒன்று தொடக்க வகுப்புகளையும், மற்ற இரண்டும் உயர்வகுப்புகளையும் ஏற்றுக்கொண்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, பாடத்திட்டம் புதுக்கப்பட்டது.

இதற்கெல்லாம் பணம் தந்தவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். அரசுப் பள்ளிகளுக்கு வழங்கப்படுவது போன்ற முழு மானியம் மத்ரஸாக்களுக்கு இல்லை. பெற்றோரின் கட்டணமும், வக்ஃபும், சமுதாயத்தின் நன்கொடையுமே அவற்றின் ஊன்றுகோல். முஸ்லிம் ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து சிறு தொகை பிடித்துச் சேர்க்கும் நிதியொன்று அந்நாட்டில் இருக்கிறது. 1975-இல் பள்ளிவாசல்கள் கட்டுவதற்கென ஆளுக்கு 50 காசாகத் தொடங்கிய அந்நிதி, பின்னாளில் மார்க்கக் கல்விக்கும் கைகொடுத்தது. சுல்தான் பள்ளிவாசலின் புட்டிகள்தாம் எனக்கு நினைவுக்கு வந்தன. அரசின் கரம் பின்னரே நீண்டது. மாணவர்களுக்கான 'எடுசேவ்' நிதி 2014 முதல் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. பொதுப்பாடங்களைக் கற்பிப்பதற்கு உதவுவதாக 2015-இல் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார்.

அரசே எல்லாவற்றையும் தந்தால் நல்லதுதானே என்று நான் கேட்டபோது, கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பயின்றவரான அந்த உஸ்தாத் புன்னகைத்தார். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த அந்த ஞானபீடம் வக்ஃபுச் சொத்துக்களால் வாழ்ந்தது. 1952-இல் எகிப்தில் புரட்சி நடந்த பின் வக்ஃபுகளின் நிர்வாகம் அரசின் கைக்குச் சென்றது. 1961-இல் வந்த சட்டம் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளையும் பெண்களுக்கான கல்லூரியையும் அஸ்ஹருக்குத் தந்தது. அவை பெரும் நன்மைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அஸ்ஹரின் தலைவரான ஷைகை நியமிக்கும் அதிகாரம் நாட்டின் அதிபரிடம் சேர்ந்தது. மூத்த உலமாக்களின் அவையே ஷைகைத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் திருத்தம் 2012-இல்தான் வந்தது. பை முழுவதும் பிறர் கையில் இருந்தால், பதவியைத் தீர்மானிப்பதும் அவர்களே என்பது இதில் உள்ள பாடம்.

அன்பர்களே! இனி நம் நாட்டு நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சிறுபான்மையினர் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு வழங்கியுள்ளது. அடியேன் பி.ஏ. பயின்றதும் அரசு உதவி பெறும் முஸ்லிம் கல்லூரி ஒன்றில்தான். ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் தந்தது. நிர்வாகம் சமுதாயத்திடமே இருந்தது. ஆகவே அரசின் உதவி என்றாலே அஞ்சி ஓட வேண்டியதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இங்கே 2009-இல் வந்தது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், மத்ரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது எனக் கூறியது. சிங்கப்பூரில் நிபந்தனையுடன் கிடைத்த விதிவிலக்கு, நமக்கு அச்சட்டத்தில் நிபந்தனையின்றியே கிடைத்தது. நாமும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியின் விலையை எனக்கு உணர்த்தியவர் என் மாணவர் ஒருவர்.

ஒன்பது வயதில் எங்களிடம் சேர்ந்தார். ஹிஃப்ளு முடித்தார், பின்னர் ஆலிம் ஸனதும் பெற்றார். அரபு இலக்கணத்தில் என்னையே திருத்துமளவுக்குக் கூர்மதி படைத்தவர். கல்லூரியொன்றில் பட்டப்படிப்பில் சேர விரும்பியபோது நானே அவரை அழைத்துச் சென்றேன். அலுவலகத்தில் இருந்தவர் ஸனதை மரியாதையுடன் வாங்கிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைக் கேட்டார். அவரிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. "ஹஜ்ரத், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று இறுதியில் என்னைத்தான் தேற்றினார்.

குற்றம் கல்லூரியினுடையதன்று, அது விதிப்படி நடந்தது. குற்றம் என்னுடையது. பட்டம் பெற்றவனாகிய நான், அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவரைத் தேர்வெழுத அனுப்பவில்லை. சட்டம் கேட்கவில்லை, ஆகவே நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் மத்ரஸாவின் வாயிலில் அச்சிறுமியின் பையைக் கண்டபோது என் நெஞ்சம் கனத்தது அதனால்தான்.

அரசு கட்டளையிடும் வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வர்களாக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியின் வாயிலும் திறந்தே இருக்கிறது. நம் மத்ரஸாக்கள் சில இவ்வழியில் நடந்து நற்பயன் கண்டுள்ளன. கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் இரண்டு ஆசிரியர்களை அமர்த்தும் செலவை, மாதச் சந்தாவில் சிறிது கூட்டினால் ஒரு ஜமாஅத்தால் ஏற்க முடியாதா? பெற்றோரே, மத்ரஸாவில் பிள்ளையைச் சேர்க்கும்போது, "எந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைப்பீர்கள்?" என்று எங்களைக் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

ஊர் திரும்பியதும் எங்கள் மத்ரஸாவில் மாலை நேரக் கணித வகுப்பைத் தொடங்கினோம். முதல் நாள் பதினான்கு மாணவர்கள் வந்தனர். பதினைந்தாமவராகக் கடைசி வரிசையில் வந்தமர்ந்தார், ஆலிம் ஸனது பெற்ற என் அம்மாணவர். வல்ல நாயன் அவருடைய முயற்சியையும், நம் அனைவருடைய பிள்ளைகளின் கல்வியையும் பயனுள்ளதாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.