ஐந்து என்கிற மதிப்பெண்

ஆராய்ச்சி மாணவனாக நான் கற்ற முதல் வேலை, தவளைக் கருக்களுக்கு மதிப்பெண் போடுவது. "ஏண்டா கண்ணு, தவளைக்கா மார்க் போடுற?" என்று திருவண்ணாமலையில் ஆயா சிரிக்கும்.

காவோ, எலின்சன் என்ற இருவர் 1988இல் வெளியிட்ட அளவுகோல் அது. 0 முதல் 10 வரை போகும். இயல்பான கருவுக்கு 5. நூற்றுக்கு நூறு என்றே வளர்ந்தவனுக்குப் பாதிதான் சரி என்பது மனதில் படிய நாளானது.

கருவுற்ற தவளை முட்டையில், முதல் பிளவுக்கு முன்பே புறப்படலம் ஏறத்தாழ 30 டிகிரி திரும்பும். முதுகு எந்தப் பக்கம் என்பது அப்போது முடிவாகிவிடும். அடிப்பாகத்தில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அந்தத் திருப்பம் நடக்காது. பாதிப்பு ஏற ஏற மதிப்பெண் இறங்கும்: 4இல் தலை சிறுக்கும், 3இல் இரு கண்களும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், 2இல் கண்ணே இராது, 1இல் தலை இராது. 0 என்பது வெறும் வயிற்றுத் திசு உருண்டை. 32 செல் பருவத்தில் லித்தியம் கொடுத்தால் எல்லாம் எதிர்த்திசையில் போகும். உடலும் வாலும் குறுகி, கடைசியில் தலையின் பாகங்களே வட்டமாகச் சூழ்ந்து நிற்கும்.

சிக்கல் 2க்கும் 3க்கும் நடுவில். முடியைக் காணாத பிரம்மன் தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்த கதையைக் கோயில் லிங்கோத்பவர் முன்னால் நின்று கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும், இழந்த தலையை மீட்கும் சோதனை நடக்கிற நாளில், மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் கறுப்புத் திட்டெல்லாம் கண்ணாகத்தான் தெரியும். அதனால் எந்தத் தட்டில் எந்த மருந்து என்று தெரியாதபடி வேறொருவர் குறியெண் ஒட்டித் தந்த பிறகே உட்காருவேன்.

அதைவிட ஏமாற்றுவது சராசரி. பாதிக் கருக்கள் 0, பாதி 10 என்றால் சராசரி 5. தட்டில் உருப்படியான தவளை ஒன்றுகூட இராது. ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் எத்தனை என்று தனித்தனியாக எழுதாத அட்டவணையை நான் இப்போது நம்புவதில்லை.

ஒடிசி நடனக் கலைஞருமான பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடியும் சகாக்களும் புவனேஸ்வரில் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டி வைட்டமின் ஏ கொடுத்தார்கள். வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன. 'நேச்சர்' இதழ் 1992இல் அதை வெளியிட்டது. என் அளவுகோலோ தலையையும் முதுகையும்தான் விசாரிக்கும். அந்தத் தலைப்பிரட்டைகளுக்கும் அது 5தான் போட்டிருக்கும்.